பம்ப் அறைக்கு இலக்கம் இல்லை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அழகுமுத்து சாவிப் பலகையிலிருந்து நாலு பி வீட்டுச் சாவியைக் கழற்றினார். பதினொரு வருஷமாக வாரத்துக்கொரு தடவை கழற்றுகிற சாவிதான். அன்றைக்கு மட்டும் சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டாவது தடவை விழுந்த சத்தத்துக்கு அவரே திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறார்கள். அருகில் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே முதலிடம். அவருடைய மகள் யதுஷி நாலு பி வீட்டில்தான் குடியிருக்கிறாளா என்று நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போக வருகிறார்கள். ஆம் என்று எழுதினால், ஜனவரியில் அவள் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற அந்தப் பெரிய பெண்கள் பாடசாலையில் முதலாம் வகுப்பில் உட்காருவாள். இல்லை என்று எழுதினால் பள்ளிக்கூடம் போய்விடும். அதோடு நின்றால் பரவாயில்லை. வேலை போகும், பொலிசுக்கும் போகலாம். ஏனென்றால் நாலு பி டொரொண்டோவில் இருக்கிற நாகேந்திரத்தின் வீடு. வாடகை ஒப்பந்தத்தில் நாகேந்திரம் என்று கையெழுத்துப் போட்டது அழகுமுத்து.

வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில் நிற்கிறது அந்தக் கட்டடம். ஐந்து மாடி, இருபது வீடு. அதில் ஏழு வீடு எந்நாளும் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்களில் அநேகர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கோ யாருடைய கல்யாணத்துக்கோ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவார்கள். மிச்ச நாளெல்லாம் அந்த வீடுகளுக்குத் துணை வாச்சர் அழகுமுத்துதான். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து, காற்று உள்ளே வரவிட்டு, குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டு, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டு வருவார். நாற்பத்தொரு வயது மனுஷனை அங்கே எல்லோரும், பால்பல் விழாத பிள்ளைகள் உட்பட, ‘முத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். நமக்கு அவர் அழகுமுத்து.

பொய் சொல்ல அவர் பழகியது அந்தக் கேட்டடியில்தான். பழக்கியவர் கட்டடத்து நிர்வாகக் குழுச் செயலாளர் சண்முகலிங்கம், ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அவர் வந்து தோளில் கைபோட்டார். அதற்கு முன் அந்தத் தோளில் அவர் கை பட்டதில்லை.

“முத்து, நாளைக்குப் பள்ளிக்கூடத்தால ஆக்கள் வருவினம். மூண்டு டீ வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேட்டால், என்ர மச்சான்ர மகளாக்கள் ஏழு வருஷமா இருக்கினம் எண்டு சொல்லு. ஒரு உதவிதானே.”

சொன்னார். மச்சானின் மகள் பாமன்கடை என்ற வேறு பகுதியில் இருந்தாள் என்பது கேட்டடியில் நின்ற பூனைக்கும் தெரியும். ஆனாலும் “ஓம் மேடம், ஏழு வருஷமா இங்கதான் இருக்காங்க” என்று சொன்னார், வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், பிள்ளைக்கு இடம் கிடைத்தது. ‘ஓம்’ என்பதே மலைநாட்டுக்காரரான அவருக்குக் கேட்டில் நின்று ஒட்டிக்கொண்ட சொல். அடுத்த வருஷம் வேறொரு குடும்பம், அதற்கடுத்த வருஷம் இரண்டு. போகப்போக அழகுமுத்து அந்த வித்தையில் கைதேர்ந்துவிட்டார். முதல் நாளே பூட்டிய வீட்டைத் திறந்து பல்கனியில் சின்னச் சட்டைகளைக் காயப்போடுவார். கதவடியில் பிள்ளைச் செருப்பு ஒரு சோடி, ஒன்று கவிழ்ந்தபடி. கலண்டரில் போன மாதத்தைக் கிழித்துவிடுவார். அடுப்படியில் மனைவி சுபாஷினி வெங்காயம் வதக்கி வைப்பாள். வெங்காய வாசம் இருந்தால் அது குடியிருக்கிற வீடு, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு பெட்டி லட்டு வரும்.

களவு என்ற சொல் அந்தக் கட்டடத்தில் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி காணாமல் போனபோது கேட்டது, அதுவும் அழகுமுத்துவின் முகத்துக்கு நேரே. மூடியைக் காற்று தூக்கிப் பக்கத்து வளவில் போட்டிருந்தது. மற்றபடி அங்கே நடந்ததெல்லாம் உதவிதான்.

இதில் வயிற்றெரிச்சலான சங்கதி ஒன்று இருக்கிறது. அழகுமுத்து கேட்டில் நின்று ‘இங்கதான் இருக்காங்க’ என்று சொன்ன ஒரு குடும்பமும் அங்கே இருந்ததில்லை. உண்மையாக இருந்தது அவர் குடும்பம். கீழ்த்தளத்தில், தண்ணீர் பம்ப் இருக்கிற அறையில், பம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு சாமிப்படம். யதுஷி காசல் ஆஸ்பத்திரியில் பிறந்து நேரே வந்தது அந்த அறைக்குத்தான். பம்ப் ஓடினால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். பாடசாலை மணி அடித்தால் அந்த அறைக்குக் கேட்கும். கேட்டதும் ஓடிவந்து கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த அறைக்கு இலக்கம் இல்லை. வருஷாவருஷம் வாக்காளர் இடாப்புக்கான படிவங்களைக் கிராம சேவகர் அழகுமுத்துவின் கையில்தான் கட்டாகக் கொடுப்பார். இருபது வீட்டுக்கு இருபது படிவம். ஒரு தடவை அழகுமுத்து தனக்கும் ஒன்று கேட்டார்.

“நொம்மரே கீயத?” என்று சிங்களத்தில் வீட்டு இலக்கம் கேட்டார் கிராம சேவகர்.

“நொம்மர் இல்லீங்க சேர். பம்ப் ரூம்.”

அவர் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அழகுமுத்துவுக்கு அது புதிதல்ல. பொகவந்தலாவையில் அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பரா அறைக்கும் இலக்கம் இருந்ததில்லை. கடிதம் வந்தால் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். பதினாறு வயதில் கொட்டாஞ்சேனைக்கு வந்து இரும்புக்கடை ஒன்றில் சாக்குகளுக்கு நடுவே படுத்தார், அங்கேயும் கடைக்குத்தான் இலக்கம். பிறந்ததிலிருந்து இலக்கம் போட்ட கதவுக்குப் பின்னால் அவர் தூங்கியதே இல்லை. தனக்கு இதுவரை குறையாகத் தோன்றாத அது, மகளுக்கு ஐந்து வயதானதும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அதை ஏற்றி உட்கார வைத்ததும் சண்முகலிங்கம்தான். கதிரையைப் போட்டு உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கிறபோதெல்லாம் ஓதுவார். “முத்து, பிள்ளையை நல்ல பள்ளிக்கூடத்தில படிப்பி. படிச்சாத்தான் நீங்களெல்லாம் முன்னுக்கு வரலாம். எங்கட சனம் எப்பிடி வந்தது எண்டு நினைக்கிறாய்?” அந்த ஒழுங்கை முழுக்க அதே பேச்சுத்தான். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் பள்ளிக்கூடத்தால் எத்தனை டொக்டர். சமைக்கப் போகிற வீடுகளில் சுபாஷினியும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வருவாள்.

மூன்று சீயில் ஜீவராணி என்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கிறவர் இருக்கிறார். ஒரு நாள் அவர் கம்ப்யூட்டரில் பாடம் நடத்தியதை சுபாஷினி வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

“மனுசங்க ஏன் தப்புப் பண்றாங்கன்னு ஒரு பாடமுங்க. ஆசைய எல்லாருக்கும் பொதுவா வச்சிட்டு, வழிய மட்டும் நாலு பேருக்குத் தொறந்து விட்டா, மத்தவங்க சுவரேறிக் குதிப்பாங்களாம். அதுக்குப் பெரிய பேரு ஒண்ணு சொன்னாங்க, மறந்து போச்சு.”

“குதிக்கிறவன் காலு ஒடைஞ்சா என்னா செய்யிறதுன்னு சொன்னாங்களா?”

“அதுக்குள்ள கரண்டு போயிருச்சு.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வருஷம் நாலு பிக்கு வந்த படிவத்தை அழகுமுத்து வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன் பெயரையும் சுபாஷினியின் பெயரையும் எழுதினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாடகை ஒப்பந்தம் எங்கே தட்டச்சுச் செய்வது, எந்தச் சமாதான நீதவான் வாசிக்காமல் முத்திரை குத்துவார் என்பதெல்லாம் மற்றக் குடும்பங்களுக்காக அலைந்து அவருக்கு அத்துப்படி. நாகேந்திரத்தின் கையெழுத்து, பழைய பதிவுத் தபால் துண்டில் இருந்தது. பம்ப் அறையில் மூன்று நாள் எழுதிப் பழகினார். நாலாம் நாள் எழுதியபோது கை நடுங்கியதில் அது இன்னும் அச்சாக வந்தது, ஏனென்றால் நாகேந்திரத்துக்கு வயது எழுபத்தாறு.

அந்தச் சனிக்கிழமை நாலு பியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பல்கனியில் யதுஷியின் சட்டைகள், வாசலில் செருப்பு, வெங்காய வாசம். இந்தத் தடவை சட்டையும் செருப்பும் உண்மையானவை, அவ்வளவுதான் வித்தியாசம். சுபாஷினி கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வரவேற்பறையின் நடுவே, எதையும் தொட்டுவிடாமல் நின்றாள். யதுஷி ஜன்னலடியில் நின்று வாயைப் பிளந்துகொண்டு கடலைப் பார்த்தாள். கீழ்த்தளத்தில் இருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

“அந்த மேடம் போற வரைக்கும் அப்பாவ அப்பான்னு கூப்பிடக்கூடாது. சரியா?” என்றார் அழகுமுத்து.

“அப்ப என்னான்னு கூப்பிடுறது?”

“கூப்பிடவே வேணாம் தங்கம்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்ற பிள்ளையிடம் இப்படிச் சொல்ல வைக்கிற ஊர் என்ன ஊர் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. அழுவதற்கு நேரமில்லை. வருகிறவர்கள் அவரை வாச்சராக மட்டுமே அறிவார்கள், பெயர் தெரியாது. தகப்பன் வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்வது திட்டம். அவர் வேலையில் இருப்பதும் உண்மைதான், நாலு மாடி கீழே, கேட்டில்.

எட்டரை மணிக்குச் சண்முகலிங்கம் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

“முத்து! இண்டைக்குப் பத்து மணிக்கு ரெண்டு ஏ பாக்க வருகினம். என்ர சுபோதினியின்ர பிள்ளைக்கு. கேட்டிலயே நில். வழமையாச் சொல்லுறதுதான்.”

சண்முகலிங்கத்தின் மகள் சுபோதினி குடும்பத்தோடு நகரத்துக்கு வெளியே ஹெந்தளையில் இருக்கிறாள். அவர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிற இரண்டு ஏ வீட்டின் லைட் பில் மட்டும் ஐந்து வருஷமாக அவள் பெயரில் வருகிறது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே நாள், ஒரே மேடம். நாலு பி விஷயம் சண்முகலிங்கத்துக்கு ஒரு சொட்டும் தெரியாது. மேடத்தை வழியனுப்ப அவர் கேட் வரை வருவார், வழமையாக வருவார்.

பத்துக்குச் சரியாகப் பள்ளிக்கூட வான் வண்டி வந்து நின்றது. உப அதிபர் சரோஜினிதேவி இறங்கினார், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்ட, சிரிக்காத முகம். பின்னால் கோப்புகளோடு ஓர் இளம் ஆசிரியை. நாலு வருஷமாக இவர்தான் வருகிறார்.

“வாச்சர், ரெண்டு ஏயில ஆர் இருக்கினம்?”

“சுபோதினி அக்கா குடும்பம் மேடம். ஏழு வருஷமா இங்கதான் இருக்காங்க.”

“நாலு பி?”

“அங்கயும் ஒரு குடும்பம் இருக்காங்க மேடம். ஒரு பொம்பளப் புள்ள.”

“எப்பிடி ஆக்கள்?”

பதினொரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அழகுமுத்து கொஞ்சம் யோசித்தார். “நல்ல சனங்க மேடம். ஒருத்தர் வம்புக்கும் போகமாட்டாங்க. புள்ள கெட்டிக்காரி.”

“தேப்பன்?”

“வேலைக்குப் போயிட்டாருங்க.”

சரோஜினிதேவி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு மேலே போனார். இரண்டு ஏயில் இருபது நிமிடம். சிரிப்புச் சத்தமும் கோப்பைச் சத்தமும் கேட்டது. ஹெந்தளையிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கிய பிள்ளை யாரோ சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாடியது. அழகுமுத்து படிக்கட்டடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்த சரோஜினிதேவி, “போன வருஷம் ஒரு வீட்டில தட்டித் தட்டிக் கதவு திறக்கேல்லை. நீங்களும் வாங்கோ” என்றார். மறுக்க வழியில்லாமல் பின்னால் ஏறினார்.

சுபாஷினி கதவைத் திறந்து கும்பிட்டாள். சரோஜினிதேவி சோபாவில் உட்கார்ந்தார். இளம் ஆசிரியை அறைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அழகுமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் மிதியடிக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றார்.

“பேரென்ன?”

“யதுஷி அழகுமுத்து.”

“இந்த வீட்டில ஆகப் பிடிச்ச இடம் எது?”

“அந்த ஜன்னல். கடல் தெரியும்.”

பிள்ளை பயப்படாமல் சொன்னாள். தகப்பன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. சுபாஷினி தேநீர் கொண்டுவந்து, நாகேந்திரத்தின் தங்கக்கரைக் கோப்பையை நீட்டினாள். அழகுமுத்து மூச்சு விட்டார். தப்பித்துவிடலாம் போலிருந்தது.

“நீங்களும் இருங்கோவன் அம்மா, ஏன் நிக்கிறீங்கள்?” என்றார் சரோஜினிதேவி.

சுபாஷினி சட்டென்று உட்கார்ந்தாள். தரையில், அடுப்படி வாசலோரம், காலை மடித்துக்கொண்டு. எதிரே இரண்டு கதிரை வெறுமையாக இருந்தது. அந்த வீடுகளில் பன்னிரண்டு வீட்டில் அவள் சமைத்திருக்கிறாள், ஒரு வீட்டுக் கதிரையிலும் உட்கார்ந்ததில்லை. ‘இருங்கோ’ என்றால் தரை என்றுதான் உடம்புக்குத் தெரியும்.

சரோஜினிதேவியின் கோப்பை வாயருகே நின்றது. அவர் பிள்ளையைப் பார்த்தார்.

“நீர் வாரும். எனக்குப் பக்கத்தில வந்து இரும்.”

யதுஷி அசையவில்லை. சோபாவைப் பார்த்தாள். தாயைப் பார்க்கவில்லை. அவ்வளவு நேரமும் பார்க்காதிருந்த பிள்ளை மெல்லத் திரும்பி, வாசலில் நின்ற வாச்சரைப் பார்த்தாள். ஏறலாமா என்று கேட்கிற பார்வை. அழகுமுத்துவின் தலை அவரைக் கேட்காமல் ஆடியது. வேண்டாம்.

ஐயா வீட்டுச் சோபா, அழுக்காகிவிடும். வேறொன்றுமில்லை. பதினொரு வருஷத்துப் பழக்கம்.

கீழே தண்டவாளத்தில் காலிக்குப் போகிற ரயில் கடந்து போனது. சரோஜினிதேவி கோப்பையைத் தட்டில் வைத்தார். கோப்புகளை வாங்கிக்கொண்டு, இளம் ஆசிரியையை வான் வண்டியில் போய் இருக்கச் சொன்னார்.

“வாச்சர், உங்கட முழுப்பேர் என்ன?”

“அழகுமுத்துங்க மேடம்.”

“ஒப்பந்தத்தில கையெழுத்து ஆர் வைச்சது?”

“நான்தாங்க.”

“இது பொலிசுக்குப் போற விஷயம் எண்டு தெரியுமோ?”

“தெரியுங்க. ஆனா நாங்க இங்கதாங்க இருக்கோம். கீழ. உண்மையச் சொல்றதுக்கு எங்ககிட்ட ஒரு கடதாசி இல்லீங்க மேடம்.”

“அதுவும் பொய்யோ? காட்டுங்கோ பாப்பம்.”

நால்வரும் இறங்கினார்கள். கீழ்த்தளத்தில் குனிந்து நுழைய வேண்டும். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. சரோஜினிதேவி கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். பம்புக்குப் பக்கத்தில் சுவரில் பென்சில் கோடுகள், கீழிருந்து மேலாக. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் திகதி. முதலாவது அவருடைய முழங்காலுக்குச் சற்று மேலே, பிள்ளை முதன்முதலாக எழுந்து நின்ற நாள். பிறகு ஒவ்வொரு பொங்கலும் ஒவ்வொரு பிறந்தநாளும். கடைசிக் கோடு இரண்டு மாதத்துக்கு முந்தியது. யதுஷி கேட்காமலே போய்ச் சுவரோடு ஒட்டி நின்று, தலையில் கையை வைத்துக் காட்டினாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள்.

சரோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: “ரெண்டு ஏயில ஆர் இருக்கினம்?”

அதே நேரம் வாசலில் நிழல் விழுந்தது. மேடத்துக்காகப் பட்டர் கேக் பெட்டியோடு நாலு பி வரை தேடி ஏறி, திறந்து கிடந்த வீட்டையும் யதுஷியின் சட்டைகளையும் பார்த்துவிட்டு இறங்கிவந்த சண்முகலிங்கம் நின்றார். கேள்வி அவர் காதில் விழுந்துவிட்டது.

“முத்து,” என்றார் மெதுவாக. “யோசிச்சுச் சொல்லு.”

அழகுமுத்து யோசித்தார். சுபோதினி குடும்பம் என்றால் இந்த அறை மிஞ்சும், மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஒருத்தரும் இல்லை என்றால் இந்த அறையும் இல்லை. இரண்டு பக்கமும் அடைத்த வழியில் நின்றுகொண்டு, சுவரோடு ஒட்டியபடி இன்னும் தலையில் கை வைத்திருந்த பிள்ளையைப் பார்த்தார். தகப்பன் பொய் சொல்வதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

“ஒருத்தரும் இல்லீங்க மேடம். வெள்ளிக்கிழமையில நான்தான் தொறந்து தண்ணி ஓட விடுறேன்.”

“அப்ப ஏன் ஏழு வருஷம் எண்டு சொன்னனீங்கள்?”

“போன வருஷம் வேற வீட்டுக்கும் அதையேதாங்க சொன்னேன். அதுக்கு முந்தின வருஷமும். நீங்க எழுதிக்கிட்டீங்க.”

சரோஜினிதேவியின் முகம் சிவந்தது. சண்முகலிங்கத்தின் குரல் கீழ்த்தளம் முழுக்க அதிர்ந்தது. “கள்ளன்! நாகேந்திரத்தின்ர வீட்டை உடைச்சுக் குடியிருக்கிறாய் என்ன? இருக்க இடம் தந்த என்னையே காட்டிக் குடுக்கிறாய்! மேடம், இவன்ர கதையை நம்பாதேங்கோ. அது என்ர வீடு, என்ர பேத்தி. இது களவு!”

“உங்கட கோப்பும் என்னட்டத்தான் ஐயா இருக்கு,” என்றார் சரோஜினிதேவி. அங்கேயே நின்றபடி இரண்டு ஏ படிவத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாலு பி கோப்பிலிருந்து ஒப்பந்தத்தை உருவி அழகுமுத்துவின் கையில் வைத்தார். “இதை நான் காணேல்லை. விண்ணப்பத்தை வாபஸ் எண்டு எழுதித் தாங்கோ. பிறகு இந்த அறையைக் காட்டி மேன்முறையீடு போடலாம், அதுக்கு ரெண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கு. இந்த அறையில குடும்பமா இருக்கிறீங்கள் எண்டு பொறுப்பான ஆள் எழுதின கடதாசி ஒண்டு வேணும். ஒண்டு போதும். பொய்க் கடதாசி கொண்டு வராதேங்கோ.”

பொய்க் கடதாசி செய்வது எவ்வளவு சுலபம் என்று அழகுமுத்துவுக்குத் தெரியும். மெய்க் கடதாசிக்கு அவர் பத்து நாள் நாயாக அலைந்தார். கிராம சேவகர், கட்டடத்து நிர்வாகக் குழு எழுதித் தந்தால் தானும் தருவேன் என்றார். நிர்வாகக் குழு என்றால் சண்முகலிங்கம். ஜீவராணி எழுதித் தரத் தயாராக இருந்தார், ஆனால் வாடகைக்கு இருக்கிறவரின் கடிதம் செல்லாது என்றார்கள். வேறு யாரும் முகம் பார்த்துப் பேசவில்லை. லட்டுப் பெட்டி கொண்டுவந்து தந்த வீட்டுக்காரர்கள் கேட்டைத் தாங்களே திறந்துகொண்டார்கள். யதுஷி மணிச் சத்தம் கேட்டால் இப்போது கேட்டுக்கு ஓடுவதில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

பதினோராம் நாள் சண்முகலிங்கம் நேரில் வந்து ஒரு நீள உறையை நீட்டினார். “வாசிச்சுப் பார். சட்டத்தரணியிட்டக் கேட்டுத்தான் எழுதினது. ஒரு ஓட்டை கிடையாது.”

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்த மனுஷன். அரைகுறையாக எழுதுவாரா? கட்டடத்தின் பெயர் அச்சிட்ட தாள், திகதி, செயலாளர் முத்திரை, நீல மையில் கையெழுத்து. அழகுமுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘மேற்படி கட்டடத்தின் கீழ்த்தளப் பம்ப் அறையில் கடந்த பதினொரு வருடங்களாகவும், திருமணத்தின் பின் மனைவி சுபாஷினி, மகள் யதுஷி ஆகியோருடனும் தொடர்ச்சியாக வசித்துவரும் அழகுமுத்து ஆகிய உம்மை, நம்பிக்கை மோசடி காரணமாகச் சேவையிலிருந்து நீக்குவதுடன், ஏழு நாட்களுக்குள் குடும்பத்துடன் வெளியேறுமாறு…’

மேற்கொண்டு வாசிக்கவில்லை. திரும்பவும் முதல் வரிக்குப் போனார். தொடர்ச்சியாக வசித்துவரும். ஒருவனை வெளியே தள்ளுவதென்றால் முதலில் அவன் உள்ளே இருக்கிறான் என்று எழுத வேண்டியிருக்கிறது. கண் கலங்கிப் போய் எழுத்து மறைந்தது. நின்ற இடத்திலேயே சிரிப்பும் வந்தது.

“என்ன சிரிப்பு?” என்றார் சண்முகலிங்கம்.

“ரொம்ப நன்றிங்க ஐயா,” என்றார் அழகுமுத்து. மனதாரச் சொன்னார்.

அடுத்த நாள் காலை அவர் யதுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய கேட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தார். சரோஜினிதேவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

“வேலை போயிட்டுது?”

“போயிருச்சுங்க. கொலன்னாவைப் பக்கம் ஒரு லொறி யார்டுல கேட்டிருக்கேன்.”

“எப்ப வெளிக்கிட வேணும்?”

“அடுத்த செவ்வாய்க்கெழம.”

அவர் மேன்முறையீட்டுப் படிவத்தை இழுத்து வைத்து, பேனாவைத் திறந்து, மேலே அன்றைய திகதியை எழுதினார். முகவரிக்கு நேரே ‘பம்ப் அறை, கீழ்த்தளம்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“இண்டைக்கு இந்த அறையிலதானே இருக்கிறீங்கள்?”

மேசைக்கு எதிரே ஒரு கதிரை இருந்தது. யதுஷி அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அழகுமுத்து தலையசைத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

“ஆமாங்க மேடம்,” என்றார் அவர். “இன்னைக்கு அங்கதாங்க இருக்கோம்.”